கல்வி வலயங்களை ஒப்பிடுவது எப்படி? நுரைச்சோலைப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் புத்தளம் மாவட்டத்தில் ஒரு பேச்சு எழும். சிலாபம் வலயம் எத்தனை வீதம், புத்தளம் வலயம் எத்தனை வீதம், கற்பிட்டிக் கோட்டம் ஏன் இப்படி? பாடசாலை வாசலில் பதாகை ஏறும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம் முகநூலில் சுற்றும். மகளைத் தரம் 6இல் சேர்க்க இடம் பார்க்கும் நுரைச்சோலைத் தகப்பன் ஒருவர் இந்த வீதங்களைக் கேட்டுவிட்டு, "இங்கே வேணாம், புத்தளம் டவுனுக்கே அனுப்புவோம்" என்று தீர்மானிக்கிறார். தீர்மானம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் நம்பியிருக்கும் அந்த ஒற்றை எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஏன் முடியாது, வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கே விடயம்.

முதலில் வலயம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வடமேல் மாகாணத்தில் எட்டுக் கல்வி வலயங்கள் உள்ளன. ஆறு குருநாகல் மாவட்டத்தில், புத்தளம், சிலாபம் ஆகிய இரண்டும் நம் மாவட்டத்தில். ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு வலயக் கல்விப் பணிப்பாளர், அவருக்குக் கீழே கோட்டங்கள். நுரைச்சோலை, புத்தளம் வலயத்தின் கற்பிட்டிக் கோட்டத்தில் வருகிறது. 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் வந்தன. தேசிய பாடசாலைகள் மட்டும் நேரே மத்திய கல்வி அமைச்சின் கீழ். ஆக வலயம் என்பது ஒரு நிர்வாக எல்லை. ஒரே மாதிரியான ஊர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு அல்ல.

சிலாபம் வலயத்தில் வென்னப்புவை, மாரவில, நாத்தாண்டி எல்லாம் அடங்கும். நீர்கொழும்பு கூப்பிடு தூரம். இத்தாலிக்குப் போன உறவினர் அனுப்பும் பணத்தில் எழும்பிய வீடுகள் வென்னப்புவைத் தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. புத்தளம் வலயத்துக்குள் நகரமும் உப்பளமும் உண்டு, ஆனமடுவைப் பக்கத்து வறண்ட விவசாயக் கிராமங்கள் உண்டு, பாலாவிச் சந்தியில் திரும்பினால் நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடும் உண்டு. சிங்கள மொழிமூலப் பாடசாலைகளும் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளும் ஒரே கூட்டலில் விழுகின்றன. அந்தக் கூட்டலைப் பிள்ளைத் தொகையால் வகுத்து வரும் சராசரி, நுரைச்சோலையில் தமிழில் கணிதம் படிக்கும் பிள்ளையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசும்.

வலயத்துக்கு வலயம் பிள்ளைகளின் படிப்பு வேறுபட முதற் காரணம் பணமா? உலகத்தில் இந்தக் கேள்வியை அதிகம் அலசிய நாடு அமெரிக்கா. அங்கே ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடச் செலவில் கணிசமான பகுதியை அந்தந்த மாவட்டத்து வீடு, காணி, தொழிற்சாலைகள் மீது போடும் வரி சுமக்கிறது. பணக்காரப் புறநகர் என்றால் பணக்காரப் பள்ளிக்கூடம். டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எஜ்வூட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1960களின் கடைசியில் ஏழைகள் வாழ்ந்த எஜ்வூட், நூறு டொலர் சொத்துக்கு 1.05 டொலர் என்று தன்மேல் வரி போட்டுக்கொண்டது; வசதியான அலமோ ஹைட்ஸ் 85 சதம் மட்டும் போட்டது. அப்படியும் உள்ளூர் வரியாக ஒரு பிள்ளைக்கு எஜ்வூட் திரட்டியது 26 டொலர், அலமோ ஹைட்ஸ் திரட்டியது 333 டொலர். எஜ்வூட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இதை நுரைச்சோலையில் பொருத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாட் கொள்ளளவோடு நிற்கும் லக்விஜய அனல் மின்நிலையம் நம் கரையில்தான் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம். அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டத்துக்குள் இப்படி ஒரு மின்நிலையம் வந்தால், அதன் வரியிலேயே அந்த மாவட்டப் பள்ளிகள் நீச்சல் தடாகம் கட்டிவிடும். இங்கே புகைபோக்கி ஊருக்கு, மின்சாரம் நாட்டுக்கு. பாடசாலைக்கு அதன் வருமானத்தில் உரிமைப் பங்கு என்று எதுவும் இல்லை. எப்போதாவது கிடைக்கும் நன்கொடை வேறு கணக்கு.

அதற்காக அமெரிக்க முறையை நான் விரும்பவில்லை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பெரிய நன்மையே, ஊரின் சொத்துப் பெறுமதிக்கும் ஆசிரியரின் சம்பளத்துக்கும் தொடர்பில்லாமல் செய்ததுதான். கொழும்பு ஆசிரியருக்கும் கற்பிட்டி ஆசிரியருக்கும் ஒரே சம்பள அளவுத்திட்டம். பாடநூல் 1980 முதல் எல்லாப் பிள்ளைக்கும் இலவசம், சீருடைத் துணி 1993 முதல். காகிதத்தில் பார்த்தால் சமத்துவம்.

வித்தியாசம் பின்கதவால் வருகிறது. பெரிய பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் கட்டடமே கட்டிக் கொடுக்கும். இங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கதிரை திருத்தப் பணம் சேர்க்கவே பாடுபடும். தரம் 1 அனுமதியில் பாதி இடங்கள் பாடசாலைக்கு அருகே வசிப்போருக்கு என்பதால், பிரபல பாடசாலைகளைச் சுற்றி வீட்டு வாடகை ஏறுகிறது. அமெரிக்கர் பள்ளிக்காக வீடு வாங்குவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ரியூசன். உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்த பிறகு, கல்வியின் ஒரு பகுதி இலவசமாக இல்லை. வகுப்புக் கட்டணத்தோடு பஸ் காசு, போய்வரும் நேரம், மாலையில் பெண் பிள்ளையை யார் கூட்டி வருவது என்ற கவலை எல்லாம் சேர்கின்றன.

பணம் முக்கியமே இல்லை என்று சொல்வோரும் உண்டு. 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க மாணவர்களை ஆராய்ந்து, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் பெறுபேற்றை அதிகம் தீர்மானிக்கிறது என்றது. அது பாதி உண்மை. 2016இல் ஜாக்சன், ஜோன்சன், பெர்சிகோ என்ற பொருளியலாளர் மூவர் பல பத்தாண்டுத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, பன்னிரண்டு பள்ளி ஆண்டுகளும் பிள்ளைக்கான செலவைப் பத்து வீதம் கூட்டினால், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ அரை ஆண்டு கூடுதலாகப் படிப்பதைக் கண்டார்கள். பணம் வேலை செய்கிறது. எதற்குச் செலவாகிறது என்பதைப் பொறுத்து வேலை செய்கிறது.

இனி வீதத்துக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு பாடசாலைகள், இரண்டிலும் தரம் 6இல் 50 பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதற் பாடசாலையில் சாதாரண தரத்துக்குத் தோற்றியவர்கள் 25 பேர். 20 பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள். 80 வீதம். பதாகை ஏறியது. இரண்டாவது பாடசாலையில் 45 பேர் தோற்றினார்கள், 30 பேர் தகுதி பெற்றார்கள். 67 வீதம். அதிபருக்கு வலயத்தில் ஏச்சு. ஆனால் சேர்ந்த 50 பேரில் எத்தனை பேரைக் கரைசேர்த்தார்கள் என்று பார்த்தால் முதலாவது 40 வீதம், இரண்டாவது 60 வீதம். பாதியில் போன பிள்ளைகள் முதற் பாடசாலையின் வீதத்தை உயர்த்தியிருக்கிறார்கள். இடைவிலகல் நடந்தால் நல்ல பெயர் கிடைக்கும் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு நாம் பாடசாலைகளைத் தரவரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

சிறிய பாடசாலைகளுக்கு இன்னொரு சிக்கல். இருபது பேர் தோற்றும் வகுப்பில் ஒரு பிள்ளை என்றால் ஐந்து வீதம். இரண்டு பேர் காய்ச்சலோடு பரீட்சை எழுதினால் அந்த ஆண்டு பாடசாலை "வீழ்ச்சி". அடுத்த ஆண்டு "எழுச்சி". ஒரே ஆண்டின் எண்ணை வைத்துச் சின்னப் பாடசாலையைப் பற்றி எதுவும் பேசாமலிருப்பது நல்லது. மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் கணக்கைக் குழப்புகிறது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பாடசாலைக் கதவைத் திறக்கத்தான் அது வந்தது. பலருக்குத் திறந்தும் இருக்கிறது. நுரைச்சோலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஐந்து ஆண்டுகள் உழைத்து ஒரு பிள்ளையைப் புலமைப்பரிசில் பெற வைப்பார். பிள்ளை புத்தளத்துக்கோ குருநாகலுக்கோ போகும். ஆறு ஆண்டுகள் கழித்து ஒன்பது ஏ வரும், பதாகை அந்த ஊரில் ஏறும். ஆகவே பிரபல பாடசாலையின் பெறுபேற்றைப் பார்க்கும்போது, அங்கே நன்றாகப் படிப்பித்தார்களா அல்லது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்தார்களா என்று கேட்க வேண்டும். பிள்ளை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்ற வித்தியாசம்தான் பாடசாலையின் உழைப்பு. அதை நம் பெறுபேற்று அட்டவணைகள் அளப்பதே இல்லை.

சரி, உண்மையில் பிள்ளை முன்னேறக் காரணம் என்ன? பாடசாலைக்கு உள்ளே இருக்கும் காரணங்களில் ஆசிரியருக்கு நிகராக எதுவும் இல்லை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை கிடையாது. இலங்கையில் ஆசிரியர் தொகை குறைவும் இல்லை. நாடு முழுவதையும் எடுத்தால் 17, 18 மாணவருக்கு ஓர் ஆசிரியர். பல நாடுகள் பொறாமைப்படும் விகிதம். பற்றாக்குறை பங்கீட்டில் இருக்கிறது. நகரப் பாடசாலையில் ஒரு பாடத்துக்கு இருவர் இருக்க, குடாநாட்டில் தமிழ் மொழிமூலக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர் முதல் நாளிலிருந்தே இடமாற்றம் எப்போது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; தங்க வீடு இல்லை, குடும்பம் இருநூறு மைலுக்கு அப்பால். இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் தொண்டர் ஆசிரியர்கள். உயர்தரம் முடித்த ஊர்ப் பெண் பிள்ளைகள், பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சின்னத் தொகைக்குப் படிப்பிக்கிறார்கள்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தரம் 10க்குக் கணிதம் எடுக்கும் ஒரே ஆசிரியை பிரசவ விடுமுறையில் போகிறார். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். அது அவருடைய உரிமை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 84 பாடசாலை நாள் என்பது ஒரு தவணையைவிடக் கூட. பெரிய பாடசாலையில் அடுத்த வகுப்பு ஆசிரியர் அந்தப் பாடவேளைகளைப் பகிர்ந்துகொள்வார். இங்கே நேரசூசியில் கணிதம் என்று எழுதியிருக்கும். வகுப்புக்குள் போனால், சமய ஆசிரியர் வாசலில் நின்று சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார், வகுப்புத் தலைவி பழைய கொப்பியைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவாள், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். காரணிப்படுத்தல் விளங்காமலே இருபடிச் சமன்பாடு வரும். உயர்தரம் போவதற்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பதால், அந்தத் தவணையின் விலை மற்றப் பாடங்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். பெறுபேறு வரும் நாளில் இதை யாரும் நினைப்பதில்லை. "பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடாது" என்று பேச்சு முடிந்துவிடும்.

பாடசாலைக்கு வெளியே உள்ள காரணங்களை அறிய வரவு இடாப்பைத் திறந்தால் போதும். குடாநாட்டு மணலில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் புகையிலையும் விளைகின்றன. வெங்காயம் பிடுங்கும் நாட்களில் வீட்டில் எல்லாக் கையும் தோட்டத்துக்கு வேண்டும். மீன் பிடிக்கும் குடும்பங்களில் கடல் ஓடும் காலத்தில் தகப்பனோடு மகனும் வாடிக்குப் போவான். இடாப்பில் வராத நாட்கள் சிதறிக் கிடப்பதில்லை, வாரக்கணக்கில் ஒரே இடத்தில் கூட்டமாக விழுகின்றன. கணிதத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து போனால் அத்தியாயமே போய்விட்டது. பாடசாலைத் தவணையும் பரீட்சைத் திகதியும் கொழும்பில் தீர்மானிக்கப்படுகின்றன. வெங்காயம் சுற்றறிக்கை வாசிப்பதில்லை. கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது நல்ல விடயம்தான். ஆனால் பதினைந்து வயதில் கடலில் நாட்கூலி கிடைக்கும்போது, பாடசாலையில் வாசிக்கத் தெரியாமல் பின்வாங்கில் இருக்கும் பையனைச் சட்டம் மட்டும் பிடித்து வைக்காது. அவன் பதினைந்தில் விலகவில்லை. தரம் 3இல் வாசிப்பு வராதபோதே மெதுவாக விலகத் தொடங்கியவன்.

கற்பிட்டிக் கோட்டத்தைப் பற்றிப் பேசுவோர் 1990ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. நுரைச்சோலை, ஆலங்குடா எங்கும் ஓலைக் கொட்டில் முகாம்கள். ஏற்கெனவே இடமும் ஆசிரியரும் போதாத பாடசாலைகளில் ஒரே பருவத்தில் பிள்ளைத் தொகை பொங்கி வழிந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நல்ல பாடசாலைகளில் படித்த பிள்ளைகள் தென்னை மர நிழலில் உட்கார்ந்தார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் மன்னார்ப் பக்கம் திரும்பினார்கள். சிலர் அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு என்று வாழ்கிறார்கள், பிள்ளைகள் நடுவில் பாடசாலை மாறுகிறார்கள். இன்றைய பெற்றோர் பலர் அன்றைய முகாம் பிள்ளைகள். தாயின் கல்வி பிள்ளையின் கல்வியை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பது உலகெங்கும் மீண்டும் மீண்டும் நிறுவப்பட்ட விடயம். முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் அறுந்த படிப்பு இன்றைய வீதத்திலும் இருக்கிறது.

அரசு இதையெல்லாம் கவனிக்கவே இல்லையா? கவனித்திருக்கிறது, ஆனால் மாவட்டம் என்ற பெரிய பாத்திரத்தால் அளந்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. புத்தளம் அந்தப் பதினாறில் ஒன்று. நல்லது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள் நுரைச்சோலைப் பிள்ளை யாரோடு போட்டியிடுகிறது? நீர்கொழும்பு ரியூசனுக்குப் பஸ் ஏறிப் போய்வரும் வென்னப்புவைப் பிள்ளையோடு. இருவருக்கும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளி. அதிலும் நம் பக்கத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான் அந்தப் பிரிவு உண்டு. மாவட்டம் பின்தங்கியது என்று கொடுத்த சலுகையை மாவட்டத்தின் முன்னேறிய ஓரம் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. என் பார்வையில் இந்த அளவு கோட்ட மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. பின்தங்கிய இடங்களில் பலன் தந்தவை பெரும்பாலும் செலவு குறைந்த வழிகள். இந்தியாவில் பிரதம் அமைப்பு செய்து காட்டியது எளிய விடயம்: ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் பிள்ளைகளைத் தரப்படி இருத்தாமல், எழுத்துத் தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பந்தி வாசிப்பவர் என்று நிலைப்படி பிரித்துப் படிப்பிப்பது. தமிழ்நாட்டில் கொரோனா காலத்து இழப்பை ஈடுசெய்ய 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், ஊர்த் தன்னார்வலர்கள் மாலையில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தார்கள். பாடசாலைகள் திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வு சொல்கிறது. நம் தொண்டர் ஆசிரியைகள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். அவர்களுக்கு ஒழுங்கான கொடுப்பனவும் பயிற்சியும் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நுரைச்சோலைத் தகப்பனுக்குச் சொல்ல நினைப்பது இது. மகளை டவுனுக்கு அனுப்புவதற்கு முன் இரண்டு பாடசாலைக்கும் போய் விசாரியுங்கள். தரம் 6 முதல் 11 வரை கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் எடுப்பவர் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார், அவர் விடுமுறையில் போனால் யார் எடுப்பார்? தமிழ் மொழிமூலத்தில் கணிதச் சித்தி மூன்று ஆண்டுகளாக எப்படி? தினமும் பஸ்ஸில் போகும் இரண்டு மணி நேரம் அவளுக்கு எதைக் கொடுத்து எதை எடுக்கும் என்றும் வீட்டில் இருந்து யோசியுங்கள். அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். இந்த ஆண்டு சாதாரண தரம் எழுதிய வகுப்பில், ஐந்து ஆண்டுக்கு முன் தரம் 6இல் இருந்தவர்கள் எத்தனை பேர், இடையில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று எழுந்து கேளுங்கள். விடை சேர்விடாப்பில் பெயர் பெயராக இருக்கிறது. அதைப் பார்க்க வலய அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை, அதிபர் அலுமாரியைத் திறந்தால் போதும்.